அயல்நாட்டுப் பயிற்சியும் ஏவல் வினையும்

சென்ற மாதம் ஒரு ஞாயிறு மாலை, என் பழைய மாணவி ஒருத்தி தன் தந்தையாருடன் வீட்டுக்கு வந்திருந்தாள். பத்து காஜாவை அடுத்த தோட்டப் பள்ளியில் ஆறாண்டுகள் எங்களிடம் பயின்றவள். இப்போது பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். வருகிற ஜூலை முதல் பத்து வாரங்கள் ஜப்பான் நாட்டில், நாகோயா நகருக்கு அருகே உள்ள ஓர் இயந்திர உறுப்புத் தொழிற்சாலையில் தொழிற்பயிற்சி பெற அவளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. கடல் கடந்து செல்வது இதுவே முதல் முறை. "ஐயா, நான் எல்லாம் சரியா ஆயத்தம் செஞ்சிருக்கேனான்னு பாருங்க" என்று ஒரு பட்டியலை நீட்டினாள்.

பட்டியல் நன்றாகவே இருந்தது. உடுப்பு, மருந்து, மழைக்குடை, மின்செருகி, பயணச்சீட்டின் படிகள் என ஒன்றும் விடுபடவில்லை. அதன் பின்பக்கத்தில் ஜப்பானிய மொழித் தொடர்கள் நாற்பது, தமிழ் எழுத்தில், பொருளுடன் எழுதப்பட்டிருந்தன. கைபேசியில் பார்த்து எழுதிக்கொண்டாளாம். முப்பதாண்டுக் காலம் இலக்கணம் கற்பித்தவன் கண்ணில் வேறு என்ன படும்? "தண்ணீர் கொடுங்கள்", "இங்கே நிறுத்துங்கள்", "விலையைக் குறையுங்கள்", "அதை எடுத்துக் காட்டுங்கள்" என்று நாற்பதில் பெரும்பகுதியும் ஏவலாகவே இருந்தது. எஞ்சியவை வழி கேட்பதும் விலை கேட்பதும்.

"நீ அங்கே வாடிக்கையாளராகப் போகிறாயா, வேலை பழகப் போகிறாயா, அம்மா?" என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள். ஆனால் விடை உடனே வரவில்லை.

அவள் தேநீர் எடுத்துவர உள்ளே சென்ற வேளையில் தந்தையார் குரலைத் தாழ்த்தி, "ஐயா, எல்லாம் ஆயிருச்சு. எங்க அம்மாதான் ஒத்துக்க மாட்டேங்குறாங்க. சப்பான்காரன் ஊருக்கா அனுப்புறன்னு கேட்டு மூணு நாளா சரியா சாப்பிடல" என்றார். இச்செய்தியைப் பின்னர்க் காண்போம். முதலில் அந்த நாற்பது தொடர்களைப் பற்றிப் பேச வேண்டும். ஏனெனில் இத்தகைய பட்டியலுக்கு நம் தோட்டப்புறத்தில் ஒரு நீண்ட வரலாறு உண்டு.

அயல்நாடு சென்று தொழில் பழகுவது இக்காலத்துப் புதுமை என்று நாம் எண்ணுகிறோம். நாம் பிறரிடம் சென்று பழகுவது வேண்டுமானால் புதிதாக இருக்கலாம். பிறர் நம்மிடம் வந்து பழகியது நூற்றாண்டுக்கு மேற்பட்ட கதை. இலங்கைத் தோட்டங்களில் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் 'கிரீப்பர்' என்றொரு வகையினர் இருந்தனர். ஊர்ந்து செல்பவர் என்று பொருள்படும் கேலிப் பெயர் இது. பிரிட்டனிலிருந்து வந்த இளைஞர், பெரிய துரை ஒருவருக்குப் பணம் கட்டி, சம்பளமின்றி அவருடைய பங்களாவில் தங்கித் தோட்டத் தொழிலைப் பழகுவர். பழகி முடித்தபின் எங்கேனும் சின்னதுரை வேலை கிடைக்கும். மலாயாவில் ரப்பர் பெருகிய காலத்தில் கம்பெனிகளே இளைஞரை நான்காண்டு, ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் அழைத்துவந்தன. முதல் ஒப்பந்தம் முடிந்து விடுப்பில் ஊர் சென்று திரும்பும்வரை மணம் செய்துகொள்ளக் கூடாது என்பது பல கம்பெனிகளின் விதி. அவர்களுக்கும் பட்டியல் இருந்தது. தக்கைத் தொப்பி, கொய்னா மாத்திரை, வெள்ளைக் காற்சட்டை ஆகியவற்றை விரித்துரைக்கத் தேவையில்லை.

மொழிதான் நமக்கு வேண்டிய பகுதி. வேலைக்காட்டில் நின்று வேலை வாங்கத் தமிழின்றி முடியாது. 1919-இல் தோற்றம் பெற்ற தோட்டக்காரர் சங்கம் சின்னதுரைமார்க்குத் தமிழ்த் தேர்வு நடத்தியது. அதில் தேறாதவர்க்கு உயர்வு கிடைப்பது அரிது. எனவே பெரட்டும் மலைச்சுற்றும் முடிந்த மாலை வேளையில், தோட்டத்துக் கிராணியோ பள்ளி ஆசிரியரோ முன்ஷியாகப் பங்களாவுக்குச் செல்வார். சின்னதுரை நாற்காலியில் அமர்ந்து பாடம் கேட்பார். முன்ஷி நின்றுகொண்டு சொல்லிக்கொடுத்ததும் உண்டென்று முதியோர் கூறக் கேட்டிருக்கிறேன். ஆசிரியன் நிற்க மாணாக்கன் அமர்ந்திருக்கும் பாடம் எத்தகையதாக இருக்கும் என்பதை ஆசிரிய நண்பர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

இத்தகைய மாணாக்கர்க்கென்று கொழும்பில் கைந்நூல்கள் வெளிவந்தன. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஏ. எம். பெர்குசன் என்பார் சின்னதுரைமார் சட்டைப்பையில் வைத்துக்கொள்வதற்கென எழுதிய ஒரு நூலின் பெயரே 'இங்கே வா' என்பது. நூலுக்கு வேறு பெயர் வைக்க அவருக்குத் தோன்றவில்லை. அத்துறைக்கு அதுவே பொருத்தமான பெயர் என்றும் சொல்லலாம். 1915-இல் வெல்ஸ் என்பார் வெளியிட்ட நூலுக்குக் 'கூலித் தமிழ்' என்று பெயர்.

இங்கே இலக்கணத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. வினைப்பகுதியை நாம் எவ்வாறு காட்டுகிறோம்? நட, வா, மடி, சீ என்று நன்னூலார் வாய்பாட்டு வினைகளை அடுக்கும்போது, அவற்றை ஏவல் வடிவிலேயே நிறுத்துகிறார். பகுதியும் ஏவல் ஒருமையும் தமிழில் ஒரே உருவம். விகுதி ஒன்றும் வேண்டாம். இடம், காலம், பால் காட்டும் உறுப்பு ஒன்றும் கற்க வேண்டாம். ஆகவே தமிழ் கற்க வரும் அயலவர்க்கு முதலில் வாய்ப்பதும் எளிதில் வாய்ப்பதும் 'வா', 'போ', 'எடு', 'வெட்டு' என்னும் ஏவலே. நம் மொழியில் மரியாதை முழுவதும் விகுதியில் தங்கியிருக்கிறது. வாரும், வாருங்கள், வருக, வரலாமே என்று விகுதி வளர வளரப் பணிவும் வளர்கிறது. விகுதியைக் கற்காமல் நின்றுவிட்டவர், தம்மையறியாமலே மொழியின் மிகக் கடுமையான முனையில் நின்றுவிடுகிறார். சின்னதுரைமார் எல்லாரும் கொடியவர் அல்லர். அவர்களிற் பலர் இருபது இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள், ஊரை நினைத்து இரவில் உறக்கமின்றிக் கிடந்தவர்கள். ஆயினும் அவர்கள் வாயில் வந்த தமிழ் முழுவதும் கட்டளையாகவே இருந்தது.

ஏவலுக்கு இன்னொரு குறையும் உண்டு. ஏவலுக்கு மறுமொழி செயல்தான், சொல் அன்று. 'எடு' என்றால் எடுத்துவிட்டால் போதும். ஏவலை மட்டும் கற்றவர்க்கு மறுமொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் பயிற்சியே வாய்ப்பதில்லை.

நான் ஆசிரியப் பயிற்சி முடித்து முதன்முதலாகப் பணியேற்ற தோட்டத்தில், ஓய்வுபெற்ற பெரிய கிராணி ஒருவர் இருந்தார். எண்பது வயதைத் தாண்டியவர். மாலையில் பள்ளித் திண்ணைக்கு வந்து அமர்வார். ஒருநாள் அவர் சொன்ன செய்தி இது. போருக்கு முந்திய காலம். அவர் அப்போது வேறொரு தோட்டத்தில் சின்னக் கிராணி. தமிழ்த் தேர்வில் அப்போதுதான் தேறிய சின்னதுரை ஒருவர் விடியற்காலைப் பெரட்டில் பெயர் வாசிக்கிறார். நான்கு நாள் வேலைக்கு வராத பால்மரத் தொழிலாளி ஒருவரை அழைத்து, "ஏன் வரவில்லை?" என்று திருத்தமாகக் கேட்கிறார். தொழிலாளி தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "வீட்டுல ஆத்தா வந்திருக்கா தொரை. இன்னும் தலைக்குத் தண்ணி ஊத்தல" என்கிறார்.

தமிழர் யாவர்க்கும் இதன் பொருள் விளங்கும். வீட்டில் அம்மை போட்டிருக்கிறது, இன்னும் இறங்கவில்லை என்பது அது. அம்மை என்று வாய்விட்டுச் சொல்லவும் அஞ்சி, மாரியாத்தா எழுந்தருளியிருப்பதாகச் சொல்வது நம் வழக்கம். சின்னதுரையின் சொற்பட்டியலில் ஆத்தா என்றால் தாய் என்று இருந்தது. ஊரிலிருந்து தாய் வந்திருக்கிறாள், இவன் விருந்துண்டுகொண்டு வேலைக்கு மட்டம் போட்டிருக்கிறான், குளிக்கக்கூட இல்லை என்று அவர் பொருள் கொண்டார். நான்கு நாள் பெயரையும் வெட்டி, "போ, வாளி எடு, நிரைக்குப் போ" என்றார். தொழிலாளியும் போனார். லயத்தில் மேலும் மூன்று வீடுகளில் அம்மை கண்டது. ஒரு குழந்தை பிழைக்கவில்லை.

"நான் பக்கத்துலயேதான் நின்னேன் வாத்தியாரே" என்றார் பெரியவர். "எனக்கு ரெண்டு பாஷையும் தெரியும். அவரு என்னைக் கேக்கல. பெரட்டுல எல்லாரு முன்னாலயும் தொரை சொன்னதைத் தப்புன்னு சொல்ல எனக்கும் வாய் வரல." அறுபதாண்டுகள் கழிந்த பின்னும் அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

தேர்வில் தேறியவர் கேட்ட கேள்வியில் பிழை இல்லை. சொற்பொருளிலும் பிழை இல்லை. ஆத்தா என்பது தாய்தான். அறியாததை அறியவில்லை என்று சொல்லும் ஒரு தொடரும், அருகில் நின்றவரிடம் "இவர் சொல்வது என்ன?" என்று கேட்கும் ஒரு தொடரும் அவருடைய பாடத்தில் இல்லை. இருந்திருந்தாலும் அதைக் கேட்பது துரைக்கு அழகன்று என்று கருதப்பட்ட காலம் அது.

இதற்கு மாறான ஒன்றும் நம் வட்டாரத்திலேயே இருக்கிறது. ஸ்காட்லாந்திலிருந்து 1890-இல் இருபது வயது இளைஞராக மலாயா வந்த வில்லியம் கெல்லி ஸ்மித், பத்து காஜாவுக்கு அருகே தோட்டம் அமைத்துச் செல்வரானார். 1915-இல் அவர் கட்டத் தொடங்கி, 1926-இல் லிஸ்பன் நகரில் இறந்துபோனதால் முற்றுப்பெறாமல் நின்ற மாளிகையை இன்று சுற்றுலாப் பயணிகள் வந்து பார்க்கின்றனர். சற்றுத் தொலைவில் உள்ள மாரியம்மன் கோயிலை அத்துணை பேர் பார்ப்பதில்லை. கொள்ளைநோயில் தொழிலாளர் மாண்டபோது, அம்மனுக்குக் கோயில் வேண்டும் என்று அவர்கள் கேட்க, ஸ்மித் அதற்கு இசைந்தார் என்று இங்கே வழிவழியாகச் சொல்லப்படுகிறது. கோயிற் கூரையில் தெய்வ உருவங்களுக்கு நடுவே வெள்ளுடையும் தொப்பியும் அணிந்த துரை ஒருவர் சிலையாக நிற்கிறார். நம்மவர் எளிதில் எவரையும் கூரை ஏற்றிவிடுவர் என்பது உண்மையே. ஆயினும் தாம் சொன்னது கேட்கப்பட்டது என்ற நிறைவு அச்சிலையில் இருக்கிறது.

மொழி கற்பித்த முறையிலும் வேறு வழி இருந்ததைச் சென்னை காட்டும். 1812-இல் எல்லிஸ் துரையின் முயற்சியால் அங்கே கோட்டைக் கல்லூரி அமைந்தது. இங்கிலாந்திலிருந்து புதிதாக வந்திறங்கிய கும்பினி ஊழியர், பணியேற்குமுன் தென்னாட்டு மொழிகளைப் பயில்வதற்கான கல்லூரி அது. தமிழும் தெலுங்கும் உள்ளிட்ட தென்மொழிகள் வடமொழியிற் பிறந்தவை அல்ல என்று 1816-இல் எல்லிஸ் எடுத்துக்காட்டியது அக்கல்லூரிப் பணியின் விளைவே. கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வெளிவர அப்போது இன்னும் நாற்பதாண்டுகள் இருந்தன. அங்கே தமிழ்ப் புலவராக விளங்கிய தாண்டவராய முதலியார், மாணாக்கர் படிப்பதற்காகப் பஞ்சதந்திரத்தை உரைநடையில் எழுதினார். 1826-இல் அது அச்சேறியது. கதையில் ஒருவர் பேசுவார், மற்றவர் மறுப்பார், மூன்றாமவர் சூழ்ச்சி செய்வார். கதை படித்தவன் மறுமொழியைக் கேட்கக் கற்றான். அதிகாரம் செலுத்த வந்தவர்களே அவர்களும். ஆயினும் அவர்கள் கையில் இருந்த பாடநூல் 'இங்கே வா' அன்று.

இனி என் மாணவியின் பட்டியலுக்கு வருவோம். அவளுக்கு இரண்டாம் வாரம் நான் நடத்திய பாடம், ஜப்பானிய மொழிப் பாடம் அன்று. அம்மொழி எனக்குத் தெரியாது. பல்கலைக்கழகத்தில் ஒரு பருவம் அவள் கற்றிருந்த ஜப்பானிய இலக்கண நூலை மேசைமேல் வைத்துக்கொண்டு, நான் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைக் கொண்டுவந்தேன்.

கொடுத்தல் என்னும் ஒரு செயலுக்குத் தொல்காப்பியர் எவ்வளவு இடம் தருகிறார் என்பதை ஆசிரியர் அறிவர். கிளவியாக்கத்தில் செலவு, வரவு, தரவு, கொடை என்னும் நான்கையும் எடுத்துக்கொண்டு, தருதலும் வருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை என்று வரையறுக்கிறார். எனக்குத் தந்தான், உனக்குத் தந்தான், அவனுக்குக் கொடுத்தான் என்பதே முறை. மலையாளத்தில் இவ்வேறுபாடு இன்றும் பேச்சில் நிற்கிறது. நம் பேச்சில் பெரும்பாலும் மறைந்துவிட்டது. பின்னர் எச்சவியலில், இரப்பவர் தரம் நோக்கி ஈ, தா, கொடு என மூன்று சொற்களைப் பிரிக்கிறார். தாழ்ந்தோன் ஈ என்பான், ஒத்தவன் தா என்பான், உயர்ந்தோன் கொடு என்பான்.

இதைச் சொல்லி முடிக்குமுன் மாணவி தன் நூலைப் புரட்டி ஒரு பக்கத்தைக் காட்டினாள். ஜப்பானிய மொழியில் பிறர் எனக்குத் தருவது 'குரெரு', நான் பிறர்க்குக் கொடுப்பது 'அகெரு', பெற்றுக்கொள்வது 'மொராவு'. உயர்ந்தோர் எனக்குத் தந்தால் 'குதசாரு'. உயர்ந்தோரிடம் நான் பெற்றால் 'இததாகு'. அகெரு என்பதற்கு உயர்த்துதல் என்றும் பொருள் உண்டு. குதசாரு கீழிறங்கி வருதல் என்னும் கருத்திற் பிறந்தது. அவள் பட்டியலில் 'கொடுங்கள்' என்று பொருள் எழுதிவைத்திருந்த 'குதசாய்' என்பது இந்தக் குதசாருவின் வேண்டுகோள் வடிவமே. உண்ணத் தொடங்கும்போது அந்நாட்டார் கைகூப்பிச் சொல்லும் 'இததாகிமாஸ்' என்பதும் பணிந்து பெற்றுக்கொள்கிறேன் என்பதே.

"ஐயா, ஒரு பருவம் முழுக்க இதுல மார்க் போச்சு. யாருக்கு எந்தச் சொல்லுன்னு குழம்பிக்கிட்டே இருந்தேன். நம்ம இலக்கணத்துல இருக்கறதை யாரும் சொல்லல" என்றாள். நாமும்தான் சொல்லவில்லை. தேர்வுக்கு வாராத நூற்பா என்று நானே இருபதாண்டுகள் இதை ஒதுக்கியிருக்கிறேன்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. ஜப்பானிய அறிஞர் ஓனோ சுசுமு, தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டென்று பல்லாண்டு ஆராய்ந்து எழுதினார். நம்மவர் அதைக் கேட்டு மகிழ்ந்ததுண்டு. மொழிநூலார் பெரும்பாலோர் அம்முடிபை ஏற்றிலர். நான் காட்டியது உறவு அன்று, ஒப்புமை. இரு வேறு மக்கள் ஒரே தேவைக்கு ஒரே வகையான விடை கண்டிருக்கிறார்கள். மாணவிக்கு வேண்டியதும் அவ்வளவே.

தொழிற்சாலைக்குள் நிகழ்வனவற்றையும் இவ்வாறே பார்த்தோம். அந்நாட்டுப் பணியிடங்கள் பலவற்றில் காலையில் எல்லாரும் கூடி நிற்கும் 'சோரெய்' என்றொரு கூட்டம் உண்டு. அன்றைய வேலையும் பாதுகாப்புக் குறிப்பும் அதில் சொல்லப்படும். வானொலி இசைக்கேற்ப உடற்பயிற்சி செய்யும் வழக்கமும் பல இடங்களில் இருக்கிறது. அப்பயிற்சி 1928 முதல் வானொலியில் ஒலிபரப்பாகி வருவது. இதைச் சொன்னபோது மாணவியின் தந்தையார், "அப்ப பெரட்டுதான்" என்றார். பெரட்டுதான். ஆனால் அந்தப் பெரட்டில் புதிதாக வந்தவரும் இரண்டு சொல் பேசும்படி கேட்கப்படுவார் என்பதால், தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் ஆறு தொடர்களை அவள் எழுதி மனனம் செய்தாள்.

பணியிற் சேர்வோர்க்கு அங்கே முதலிற் கற்பிக்கப்படும் மூன்று சொற்கள் ஹோகொக்கு, ரென்ராக்கு, ஸோதான் என்பன. நடந்ததை மேலோர்க்குச் சொல்லுதல், தொடர்புடையார்க்குத் தெரிவித்தல், ஐயம் வந்தால் கலந்து கேட்டல் என்பன அவற்றின் பொருள். மூன்றின் முதலசைகளையும் சேர்த்து 'ஹோரென்ஸோ' என்பர். கீரைக்கும் அதே பெயர் என்பதால் நினைவில் நிற்கும். நம் பிள்ளைகளுக்கு மூன்றாவதுதான் கடினம். கேட்டால் தெரியாதவள் என்று நினைத்துவிடுவார்களோ என்று வாய் மூடிப் பழகியவர்கள் நம் வகுப்பறைப் பிள்ளைகள். அப்பழக்கத்தை வளர்த்தவர்களில் நாமும் உண்டு. திண்ணையில் அமர்ந்த பெரிய கிராணியை நினைத்து, இந்த மூன்றாம் சொல்லுக்காக மட்டும் ஒரு மாலை முழுவதும் செலவிட்டேன். அவளைத் தொழிலாளியாக வைத்து நான் வேகமாக ஏதேதோ ஏவினேன். அவள் ஒவ்வொரு முறையும் நிறுத்தி, "நீங்கள் சொன்னது இதுதானா?" என்று தன் சொற்களால் திருப்பிக் கேட்க வேண்டும். முதல் ஐந்து முறையும் தலையாட்டிவிட்டு நின்றாள்.

தலையாட்டுவது தனிச் சிக்கல். நம் தலையசைப்பில் ஆம் என்பதும் அன்று என்பதும் அயலவர்க்கு வேறுபடுவதில்லை. ஜப்பானியர் 'ஹை' என்று சொல்வதற்கு ஆம் என்பது பொருளாயினும், பல வேளைகளில் நீங்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்ற அளவிலேயே அது நிற்கும். இசைவு என்று எடுத்துக்கொண்டால் ஏமாற்றம். அவ்வாறே 'சொத்தோ' என்று இழுத்து நிறுத்திவிட்டால், சற்று என்னும் சொற்பொருளை விட்டு, இயலாது என்று கொள்ள வேண்டும். பெண் கேட்டு வந்தவர்களிடம் "பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பும் வழக்கமுடைய நமக்கு இது விளங்காததன்று.

உணவு பற்றி ஒரு சொல். அங்கே குழம்பிலும் சாற்றிலும் உலர்ந்த மீனை வேகவைத்த நீரே அடிப்படை. காய்கறி மட்டும் கிடக்கும் கிண்ணத்திலும் அது இருக்கும். இவள் மீன் உண்பவள், மாட்டிறைச்சி உண்ணாதவள். ஆகவே அதற்குரிய தொடர் ஒன்று போதும். ஆகஸ்டு நடுவில் 'ஓபோன்' என்னும் விழா வரும். முன்னோர் ஆவி வீட்டுக்கு வந்து திரும்புவதாகக் கருதி விளக்கேற்றிக் கல்லறைகளைத் துப்புரவு செய்து வழிபடும் நாட்கள் அவை. தொழிற்சாலைகள் பலவும் அந்நாட்களில் மூடியிருக்கும். நம் ஆடி அமாவாசையும் அதை ஒட்டியே வருகிறது. அவளை யாரேனும் வீட்டுக்கு அழைத்தால் போய்வரச் சொன்னேன்.

1982-இல் கிழக்கை நோக்கும் கொள்கை தொடங்கியபோது, ஜப்பானில் பட்டப் படிப்புக்குச் செல்லும் நம் நாட்டு மாணவர்க்கு மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஈராண்டு ஆயத்தப் படிப்பு ஏற்படுத்தப்பட்டது. மொழியையும் கணிதம், இயற்பியல், வேதியியல் ஆகியவற்றையும் அம்மொழியிலேயே கற்றுவிட்டுச் செல்வர். பத்து வாரம் செல்பவளுக்கு ஈராண்டு ஆயத்தம் எங்கே கிடைக்கும்? எங்களுக்குக் கிடைத்தவை ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள்.

மூன்றாம் ஞாயிறு பாட்டியம்மாளைப் பார்க்கச் சென்றேன். வயது எண்பதுக்கு மேல். கண் மங்கல், செவி கூர்மை. அவர் மடிக்குழந்தையாய் இருந்தபோது 1943-இல் தந்தையார் சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர்ப் பாதை அது. 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிக்கப்பட்டது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர் பல்லாயிரவர். நோயிலும் பட்டினியிலும் அங்கே மாண்டவர் பலர். அவர் திரும்பவில்லை. நாள் குறித்துத் திதி கொடுக்கவும் வழியில்லாமல் தாயார் காலம் முழுவதும் ஆடி அமாவாசையிலேயே படைத்தாராம்.

"எனக்கும் சப்பான் பாஷை தெரியும் வாத்தியார் ஐயா" என்றார் பாட்டி. "எங்கம்மா சொல்லுவாங்க. கெய்ரேன்னா குனிஞ்சு கும்பிடணும். கொரான்னா டேய்ன்னு அர்த்தம். பக்கேரோன்னா முட்டாள். அப்புறம் அறை விழும். அவ்வளவுதான் அவங்க பாஷை."

மாணவி என்னைப் பார்த்தாள். பட்டியலில் நான் குறை கண்டது ஏன் என்பது அப்போதுதான் அவளுக்கு முழுமையாக விளங்கியிருக்க வேண்டும். மூன்றரை ஆண்டு ஆட்சியில் அம்மொழியிலிருந்து ஒரு குடும்பத்துக்கு வந்து சேர்ந்தவை இரண்டு ஏவலும் ஒரு வசவும்.

நான் பாட்டியிடம் வாதிடவில்லை. காலம் மாறிவிட்டது என்று அவருக்குச் சொல்ல எனக்கு என்ன உரிமை? மாணவிக்கு மட்டும் ஒரு வேலை கொடுத்தேன். பாட்டி சொல்வதை முழுவதும் கேட்டு எழுத வேண்டும். கொள்ளுத் தாத்தாவின் பெயர், தோட்டம், கொண்டுபோன வகை, நினைவில் உள்ள அனைத்தும். அதை அங்கே எடுத்துச் சென்று எவரையும் குற்றம் சாட்ட வேண்டியதில்லை. அவளோடு வேலை செய்யப்போகிறவர்கள் அவள் வயதுப் பிள்ளைகள், இச்செய்தியையே அறியாதவராகவும் இருக்கலாம். ஆனால் யாரேனும் ஒருநாள் "உங்கள் குடும்பம் எப்படி?" என்று கேட்டால், அமைதியாக, உள்ளபடி சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். இரு மக்களுக்கு இடையே நடந்ததை அறியாமல் போவதும் ஆயத்தமின்றிப் போவதுதான். இதைக் கைபேசித் தொடர்கள் எதிலும் காணமுடியாது.

மூன்று மாலைகள் பாட்டி சொல்ல, பேத்தி எழுதினாள். பள்ளி நோட்டுப் புத்தகத்தில் பதினேழு பக்கம். மகனுக்கே தெரியாத பல செய்திகள் அதில் இருப்பதாகத் தந்தையார் சொன்னார்.

ஐந்தாம் ஞாயிறு நான் போனபோது பாட்டி வாசலிலேயே அமர்ந்திருந்தார். பேத்தியை அருகில் அழைத்து, "எனக்குப் புரியல, இன்னொரு தடவை சொல்லுங்கன்னு அவங்க பாஷையில எப்படிக் கேப்ப?" என்றார்.

"மோ இச்சிதோ ஒனெகாய் ஷிமாஸ், பாட்டி."

"அடிக்க மாட்டாங்களா?"

"மாட்டாங்க பாட்டி. கேக்கலன்னாதான் கோவிச்சுக்குவாங்களாம்."

பாட்டி அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். இச்சிதோ மட்டும் வாயில் நிற்கவில்லை. பிறகு மகனைக் கூப்பிட்டு, நாளைக் காலை பத்து காஜா சந்தையில் மிளகும் சீரகமும் வாங்கிவரச் சொன்னார். பத்து வாரத்துக்கு ரசப்பொடி எவ்வளவு வேண்டும் என்பதில் அவருக்கும் மருமகளுக்கும் அப்போதே கருத்து வேற்றுமை தொடங்கிவிட்டது.